சரளை நிலமும் சிராவக நெறியும்



வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் நம் குடும்பங்கள் பலவும் நிலத்தை நம்பி வாழ்பவை. உழவுக்கு உதவாத மேட்டு நிலமும் சிலரிடம் உண்டு. சாலைக்கும் வீட்டு மனைக்கும் கிராவல் வேண்டுமென்று ஒருவர் வந்து விலை பேசும்போது, சும்மா கிடக்கும் கரடுதானே என்று ஒப்புக்கொள்ளத் தோன்றும். அந்நிலம் உண்மையில் சும்மா கிடக்கிறதா? இப்பாடத்தில் இதனை ஆராய்வோம்.

மண், மணல், சரளை, கல் ஆகியவை பிருதிவிகாய ஜீவன்களின் உடல் என்பது ஜினாகமம். இல்லறத்தார் இவ்வோரறிவுயிர்களுக்கு ஊறு செய்யாமல் வாழ இயலாது. வீடு கட்டுவதில் ஆரம்ப இம்சையும், தொழில் நடத்துவதில் உத்யோக இம்சையும் நேர்கின்றன. எனினும் இவற்றைக் குறைத்துக்கொள்வது நம் கடமை. பயனின்றி நிலத்தைத் தோண்டுவதை, ஆசாரிய சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பிரமாத சரியை என்னும் அநர்த்த தண்டமாக வகுத்துள்ளார். அந்நூலைத் தழுவியதே நம் அருங்கலச்செப்பு.

சரளை நிலத்தில் ஓரறிவுயிர் மட்டுமா வாழ்கிறது? ஆட்காட்டிப் பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். அவை கூழாங்கற்களைப் போலவே புள்ளியும் நிறமும் கொண்டிருப்பதால், அருகில் நிற்பவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படா. அவை பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். நரிக்கும் நாய்க்கும் முட்டையை மறைக்கும் இந்நிறம், மண்வாரி இயந்திரத்தின் முன் பயனற்றுப் போகிறது. கௌதாரியும் தரையிலேயே முட்டையிடும். பச்சைப் பஞ்சுருட்டான் மண்சுவரில் வளை குடைந்து குஞ்சு பொரிக்கும். முயலும் உடும்பும் புதரை அண்டி வாழும். ஆகவே, மண் எடுக்க நேரும்போது நான்கு செய்திகளை நோக்குதல் வேண்டும்.

1. இடம்: சில இடங்களைத் தொடாமலே விடுதல் வேண்டும். ஏரிக்கரை, ஓடைக்கரை, மலையடிவாரம், பழம்புதர்கள் ஆகியன அத்தகையவை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ளன. லகுடு வல்லூறும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழ்வதும் அங்கேயே. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சார்ந்த 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பகுதி, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மலையைக் காத்தால் தவச்சின்னமும் உயிரினமும் ஒருங்கே காக்கப்படும் என்பதற்கு இதுவே சான்று.

2. காலம்: ஆட்காட்டி பெரும்பாலும் மார்ச் முதல் ஆகஸ்டு வரை, அதாவது பங்குனி முதல் ஆடி வரை முட்டையிடும். புதிய இடத்தைத் தோண்டுவதை அம்மாதங்களில் தவிர்க்கலாம். உயிர்கள் பெருகும் பருவத்தில் நடமாட்டத்தைக் குறைப்பது முனிவர்களின் சாதுர்மாஸ நெறி. அதன் சிறு சாயலேனும் நம் தொழிலில் இருக்கட்டும். இரவில் முயல் முதலியன இரை தேடித் திரியுமாதலால், இரவு வேலையும் லாரி ஓட்டமும் வேண்டா.

3. அளவு: பட்டா நிலமேயாயினும் அரசு அனுமதியின்றிக் கிராவல் எடுத்தல் கூடாது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று ஆணையிட்டது. நிலம் முழுவதையும் ஒரே காலத்தில் திறவாமல் பகுதி பகுதியாக எடுத்தால், உயிர்கள் ஒதுங்க இடமிருக்கும்.

4. மீட்பு: முதலில் அகற்றும் மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் பரப்ப வேண்டும். புல்விதையும் வேரும் அதில்தான் உள்ளன. தவறி விழுந்த விலங்கு ஏறி வரவும், மழைநீர் தேங்கிய குழியில் சிறுவர் மூழ்காதிருக்கவும் குழியின் ஓரங்களைச் சரிவாக்குதல் இன்றியமையாதது. மண்சுவரில் பஞ்சுருட்டான் வளை தென்பட்டால், குஞ்சுகள் வெளியேறும் வரை அப்பக்கத்தை இடிக்காமல் விடுக. இந்நிபந்தனைகள் அனைத்தையும் ஒப்பந்தத்தில் எழுத்தால் பதிவு செய்க. வாய்ச்சொல் போதாது.

நிலம் இல்லாதவர்க்கும் இதில் பங்குண்டு. 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள வீட்டின் தரையை 2 அடி உயர்த்த 1,200 கன அடி, அதாவது 12 யூனிட் மண் வேண்டும். பழைய வீட்டை இடித்த செங்கல், காரைத் துண்டுகளால் பாதியை நிரப்பினால் 600 கன அடி மிச்சமாகும். 3 அடி ஆழம் தோண்டும் இடத்தில் அது 200 சதுர அடி நிலத்தைக் காக்கும். ஆட்காட்டியின் கூட்டிற்கோ ஒரு கையகலப் பள்ளம் போதும்!

சிந்தனைக்குரிய வினாக்கள்:

(அ) வீட்டிற்கு மண் வாங்கும்போது, அது எங்கிருந்து, எவ்வனுமதியுடன் வருகிறது என்று கேட்டோமா?

(ஆ) நம் ஊரில் கைவிடப்பட்ட குழிகள் எத்தனை? அவற்றின் ஓரம் சரிவாக உள்ளதா?

(இ) பங்குனியில் பிள்ளைகளுடன் மேட்டு நிலத்தின் ஓரத்தில் நின்று கவனியுங்கள். ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் என்ன பொருள்? அப்போது நாம் செய்யத்தக்கது யாது?

மூன்றாம் வினாவிற்கு விடை: முட்டையோ குஞ்சோ அருகில் உள்ளது. அடியைப் பார்த்து வைத்து, வந்த வழியே திரும்புக.