கரண்ட் போனால் கைகொடுக்க வீட்டுக்கு ஒரு 12 வோல்ட் லைன்

உங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘அவுட்புட்: 12 வோல்ட், 1 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும் இருந்தால் அது டிசி, அதாவது நேர்மின்சாரம். இன்வெர்ட்டர் பேட்டரி தருவதும் அதே டிசிதான். ஆனாலும் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் அந்த 12 வோல்ட்டை 230 வோல்ட் ஏசியாக ஏற்றுகிறது, அடாப்டர் அதை மறுபடி 12க்கு இறக்குகிறது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சம் சூடாகிப் போய்விடுகிறது. எல்இடி பல்புக்குள்ளும் பிஎல்டிசி ஃபேனுக்குள்ளும் இதே கூத்துதான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று 10, 15 வாட் தின்றுகொண்டிருக்கும். ராத்திரி ஒரு 5 வாட் விளக்கும் 10 வாட் வைஃபையும் மட்டும் ஓடினால், இன்வெர்ட்டரின் சொந்தச் சாப்பாடே அந்த 15 வாட்டுக்குச் சமமாகிவிடும். பேட்டரி பாதி நேரத்தில் காலி. பேட்டரியிலிருந்து நேராக ஒரு டிசி லைன் இழுத்தால் இது மிச்சம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க கரண்ட் நிற்கும் வீட்டில் இதனால் மின் கட்டணம் பெரிதாகக் குறையாது. கரண்ட்டை டிசியாக்கும் வேலையைப் பல்புக்குப் பதில் பேட்டரி சார்ஜர் செய்யும், அவ்வளவுதான். அடிக்கடி கரண்ட் போகிற ஊர், புயல் அடித்தால் நாள்கணக்கில் இருட்டாகிவிடும் கடலோரம், கூரையில் சோலார் பேனல் உள்ள வீடு ஆகியவற்றுக்குத்தான் இது லாபம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களுக்கு ராத்திரி ஒரு விளக்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எவற்றை இணைப்பது?

ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். உள்ளுக்குள் டிசியில் ஓடும் சாமான்கள் மட்டும் போதும்: மூன்று 7 வாட் விளக்கு 21 வாட், வைஃபை பெட்டி 10, டிசி பிஎல்டிசி ஃபேன் ஒன்று 30, செல்போன் சார்ஜிங் 10. மொத்தம் 71 வாட். சாதாரண மின்விசிறி ஒன்று மட்டுமே 70, 75 வாட் இழுக்கும் என்பதை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கேமராவும் அதன் டிவிஆரும் பெரும்பாலும் 12 வோல்ட்தான், விரும்பினால் சேர்க்கலாம். மிக்ஸி, ஃபிரிட்ஜ், மோட்டார் பக்கம் போகவே வேண்டாம். அவற்றுக்கு இன்வெர்ட்டர் இருக்கட்டும்.

பேட்டரிக்கு என் தேர்வு லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் என்றால் 640 வாட்-அவர். அதில் 80 சதவீதம் எடுத்தால் சுமார் 510. மேலே சொன்ன 71 வாட்டும் ஒன்றாக ஓடினால் ஏழு மணி நேரம், விளக்குகளும் வைஃபையும் மட்டுமானால் சுமார் பதினாறு மணி நேரம் ஓடும். பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜரும் அந்த வகைக்கென்றே செய்த 14.6 வோல்ட் சார்ஜராக இருக்க வேண்டும். பழைய ஆசிட் பேட்டரியிலும் இதைச் செய்யலாம். ஆனால் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே வந்தால் அதன் ஆயுள் குறையும்.

ஒயர்தான் உயிர்

இந்த வேலையில் பலரும் கோட்டைவிடும் இடம் இது. வோல்ட் குறைந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறும். 60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும். ஆம்பியர் ஏறினால் ஒயரில் இழப்பும் ஏறும்.

1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் மீட்டருக்குச் சுமார் 0.0195 ஓம் தடுக்கும். பேட்டரியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஓர் அறை. போக பத்து, வர பத்து, ஆக இருபது மீட்டர் ஒயர், 0.39 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 1.95 வோல்ட் வழியிலேயே தொலையும், ஆறில் ஒரு பங்கு. இன்வெர்ட்டரை ஒழித்து மிச்சம் பிடித்ததெல்லாம் ஒயரில் போய்விட்டது! அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு அரை வோல்ட், நான்கு சதவீதம். அது பரவாயில்லை.

ஆகவே பேட்டரியை வீட்டின் மூலையில், மாடிப்படிக்கு அடியில் வைக்காதீர்கள். விளக்குகளுக்கு நடுவில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஃபேனுக்குத் தனி ஒயர், விளக்குகளுக்குத் தனி ஒயர் என்று பேட்டரியிலிருந்தே பிரித்துவிடுங்கள். வீடு பெரிது, தூரம் பதினைந்து மீட்டரைத் தாண்டும் என்றால் 12ஐ விட்டுவிட்டு 24 வோல்ட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம். வோல்ட் இரட்டித்தால் அதே ஒயரில் இழப்பு கால் பங்காகிவிடும்.

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இன்வெர்ட்டர் இல்லாத சோலார் வீட்டு இணைப்பை வடிவமைத்தபோது 48 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கணக்கே அடிப்படை. தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாக 48 வோல்ட் பேட்டரியில்தான் ஓடின. ஆபத்தில்லாத எல்லைக்குள்ளும் அது அடங்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 48 வோல்ட் டிசி விநியோகத்துக்கு ஐஎஸ் 16711 என்ற தரத்தை 2017இல் வெளியிட்டது. ஆனால் பக்கத்துக் கடையில் சாமான் கிடைப்பது இன்றைக்கும் 12 வோல்ட்டில்தான். சின்ன வீட்டுக்கு அதுவே போதும்.

ஃபியூஸ் முதலில், பல்பு பிறகு

12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் தீ வைக்கும். லித்தியம் பேட்டரியின் இரு முனைக்கும் நடுவில் ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கார்களில் வரும் பிளேடு ஃபியூஸ் ஒன்று போடுங்கள். மொத்தம் 6 ஆம்பியர் ஓடும் லைனுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ். ஒயர் தாங்கும் அளவைவிட ஃபியூஸ் அளவு எப்போதும் குறைவாக இருக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஏசி எம்சிபியை இங்கே மாட்டாதீர்கள். ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி தானாக அணையும், டிசியில் அந்த வசதி இல்லை. 12 வோல்ட் விளக்குக்குச் சாதாரண 6 ஆம்பியர் சுவிட்ச் தாங்கிவிடும், 48க்குப் போனால் டிசி என்று அச்சிட்டதுதான் வேண்டும்.

டிசி ஒயரைத் தனி பைப்பில் கொண்டுபோங்கள். வீட்டு ஒயரிங்கில் சிவப்பு என்றால் ஃபேஸ், கறுப்பு என்றால் நியூட்ரல் என்று பழகிய எலக்ட்ரீஷியன் நாளைக்கு வந்து குழம்பக்கூடாது, வேறு நிறம் எடுங்கள். ஹோல்டரும் அப்படியே. 12 வோல்ட் பல்பைத் தவறி 230 ஹோல்டரில் மாட்டினால் வெடிக்கும். வீடு முழுக்க பின் ஹோல்டர் இருந்தால் டிசி விளக்குக்குத் திருகு ஹோல்டர் போடுங்கள். மூன்று பின் பிளக்கை டிசிக்கு ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள்.

விளக்கும் வைஃபையும்

கடையில் சுருளாக விற்கும் ஸ்ட்ரிப் லைட்டை நேராகப் பேட்டரியில் மாட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். உற்றுப் பாருங்கள்: மூன்று எல்இடிக்கு ஒரு குட்டி ரெசிஸ்டர். மூன்றுக்கும் சேர்த்து 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், மீதி 3 வோல்ட்டுக்குள் ரெசிஸ்டரில். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட்டைத் தொடும். அப்போது ரெசிஸ்டரில் 5 வோல்ட், எல்இடியில் ஒன்றரை மடங்குக்கு மேல் கரண்ட். பளிச்சென்று எரியும், சில மாதத்தில் கறுத்துப்போகும். ‘10–30 வோல்ட் டிசி’ என்று போட்ட, உள்ளே டிரைவர் வைத்த பல்பை வாங்குங்கள். ஸ்ட்ரிப்தான் வேண்டுமென்றால் நடுவில் 12 வோல்ட்டிலேயே நிறுத்தும் கன்வெர்ட்டர் வேண்டும்.

வைஃபை பெட்டிக்கும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்று போடுவது நல்லது, பேட்டரி 10.5க்கு இறங்கினாலும் 14.6க்கு ஏறினாலும் 12ஐ அது நிலையாகக் கொடுக்கும். மலிவான கன்வெர்ட்டர் பலகைகளில் ஒரு நீலப் பெட்டியும் அதன் தலையில் பித்தளைத் திருகும் இருக்கும். வாங்கி வரும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது, 20இல்கூட நிற்கலாம். மல்டிமீட்டரை வைத்துத் திருகி 12க்குக் கொண்டுவந்து, திருகின்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து அசையாமல் செய்த பிறகே வைஃபையில் சொருகுங்கள். அடாப்டரில் பிளஸ் நடுவிலா வெளியிலா என்ற படத்தையும் பாருங்கள்.

செல்போனுக்குக் காரில் மாட்டும் யுஎஸ்பி சார்ஜர் போதும். லேப்டாப்புக்கு அதிலேயே 65 வாட் டைப்-சி வகை கிடைக்கிறது.

கடைசியில் சோதனை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பேட்டரி முனையில் ஒரு தடவை, ஆகத் தூரத்து விளக்கில் ஒரு தடவை வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரைத் தடிமனாக்க வேண்டும் அல்லது எங்கோ இணைப்பு லூஸ். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் ஃபியூஸ் ஹோல்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பில் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அதை வெட்டிவிட்டு, லக் அழுத்தித் திருகால் முடுக்குங்கள். ஃபியூஸ் பெட்டிமேல் ‘12 வோல்ட் டிசி, 10 ஆம்பியர் ஃபியூஸ்’ என்று தெளிவாக எழுதி, கூடுதல் ஃபியூஸ் இரண்டை உள்ளேயே ஒட்டிவையுங்கள்.