கதவு ஏன் விழுந்தது?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் அங்கே ஏராளம். பல வீடுகளில் ஒரே ஓர் அறைதான். அதிலேயே சமையல். அதிலேயே படுக்கை.

அப்படி ஒரு வீடு. 10 அடி நீளம், 10 அடி அகலம். சுவரில், அடுப்பு மேடைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மரப்பெட்டி. மளிகைச் சாமான் எல்லாம் அதில்தான்.

பெட்டிக் கதவுக்குக் கீல் மேலே இருந்தது. கதவை மேலே தூக்கித் திறக்க வேண்டும். பக்கவாட்டில் திறக்கும் கதவு என்றால், நிற்பவர் முகத்தில் இடிக்கும். கீழே சாயும் கதவு என்றால், மேடையை அடைத்துக்கொள்ளும். இடம் குறைந்த வீட்டுக்குத் தூக்கும் கதவுதான் நல்லது. தொல்லை ஒன்றுதான். அது தானாக நிற்காது.

அந்த வீட்டு அக்கா ஒரு குச்சியை முட்டுக் கொடுப்பார். ஒரு சாண் நீளக் குச்சி.

ஒருநாள் மாலை உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா பருப்பு டப்பாவை எடுத்தார். முழங்கை குச்சியில் பட்டது. குச்சி நழுவியது. கதவு தடாலென்று விழுந்தது. விரல் நசுங்கியது. டப்பா உருண்டு உலைப் பானையில் மோதியது. கொதிநீர் சிந்தியது. மகள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, அவள் மேல் படவில்லை.

மறுநாள் அக்கா ஒரு தச்சரை அழைத்து வந்தார்.

"அண்ணே, இந்தக் கதவைக் கழற்றிடுங்க. துணி தொங்கவிட்டுக்கிறேன்."

"எலிக்குக் கொண்டாட்டம்தான்! கதவு மேல தப்பு இல்லம்மா. முட்டுக் கொடுத்த இடம்தான் தப்பு. கீலுக்குப் பக்கத்தில விரலை வெச்சுத் தூக்குங்க."

அக்கா தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இப்போ கீழ் ஓரத்தில."

கதவு எளிதாக மேலே வந்தது.

இதற்குக் கணக்கு உண்டு. கதவின் எடை 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைப் பலகை போலப் படுக்கையாகத் தூக்கி நிறுத்துகிறோம். வெளி ஓரத்தில் தாங்கினால் கைக்கு 2 கிலோ பாரம்தான். நடுவில் தாங்கினால் 4 கிலோ. கீலிலிருந்து கால் பங்கு தூரத்தில் தாங்கினால் 8 கிலோ! கதவு ஒன்றுதான். தாங்கும் இடம்தான் வேறு. அக்காவின் குச்சி குட்டை. கீலுக்கு அருகில்தான் எட்டும். பாரமும் அதிகம், பிடிப்பும் இல்லை.

தச்சர் இரண்டு வழி சொன்னார்.

ஒன்று, சங்கிலி. கூரை மரத்தில் சங்கிலியைத் திருகாணியால் பொருத்த வேண்டும். வெறும் பூச்சில் திருகினால் பெயர்ந்து வந்துவிடும். சங்கிலி நுனியில் கொக்கி, கதவின் வெளி ஓரத்தில் வளையம். கொக்கிக்கு வாய் மூடும் தகடு இருக்க வேண்டும். திறந்த கொக்கி, தலை பட்டாலே கழன்றுவிடும். கதவைப் படுக்கைக்கு மேலேயும் தூக்கி மாட்டுவது நல்லது. தலை இடிக்காது.

இன்னொன்று, கேஸ் ஸ்பிரிங். குழாய்க்குள் நைட்ரஜன் வாயு அழுத்தி அடைத்திருக்கும். கதவைத் தூக்கிவிட்டால் அது தாங்கிக்கொள்ளும். அதன் மேல் 60, 80, 100 என்று எண் போட்டிருக்கும். 100 என்றால் சுமார் 10 கிலோ பாரத்தைத் தள்ளும். பெரிய எண் வாங்குவது கெட்டிக்காரத்தனம் அல்ல. லேசான கதவுக்குப் போட்டால் கதவு மூடாது, திருகாணியும் பிடுங்கிக்கொள்ளும். வருடங்கள் போனால் வாயு குறையும். தூக்கிய கதவு மெல்லக் கீழே இறங்கினால் மாற்றிவிட வேண்டும். பழைய குழாயை அறுக்கக் கூடாது. நெருப்பில் போடக் கூடாது. வெடிக்கும்.

அக்கா சங்கிலியே போதும் என்றார். கதவு அகலமானது. ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் கோணிக்கொள்ளும். அதனால் தச்சர் இரண்டு மூலையிலும் சங்கிலி போட்டார். கதவை மாட்டிவிட்டு, கீழிருந்து ஓங்கித் தட்டிப் பார்த்தார். கொக்கி கழலவில்லை.

விரலில் கட்டுப் போட்ட கையோடு அக்கா பருப்பு டப்பாவை உள்ளே வைத்தார். மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, கதவை நான் மூடட்டுமா?" என்று கேட்டாள்.

"கொக்கியைக் கழற்றும் முன்னே இன்னொரு கையால கதவைப் பிடிச்சுக்கணும். வா, சொல்லித் தர்றேன்" என்றார் அக்கா.