விண்ணப்பம் அனுப்பிய பின்னர்

விண்ணப்பத்தை உறையிலிட்டுத் தபாற் கந்தோரிற் சேர்த்ததும் நம் கடமை முடிந்துவிட்டதென எண்ணுதல் நம்மவரிடையே வேரூன்றிய ஒரு பிழை. விண்ணப்பம் எழுதும் முறையை நாம் பாடசாலையிலே கற்பிக்கின்றோம். முகவரி எவ்விடம், திகதி எவ்விடம், கையொப்பம் எவ்விடம் என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகின்றோம். அனுப்பிய பின்னர் யாது செய்தல் வேண்டுமென்று கற்பிப்பாரோ அரியர். உத்தியோகம் கிடையாமைக்குத் தகுதியின்மை ஒரு காரணமாகலாம். வெற்றிடமின்மை மற்றொரு காரணமாகலாம். ஆயின் தகுதியும் வெற்றிடமும் இருந்தும், கையிலே ஒரு குறிப்பு இல்லாமையால் வாய்ப்பிழந்தாரையும் யான் கண்டிருக்கின்றேன். அவருள் ஒருவருடைய இழப்புக்கு யானே காரணமாயினேன். ஆதலின் இப்பாடத்தை எழுதும் கடன் எனக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, வர்த்தமானியில் வெளியான ஒரு போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பித்தாள். தந்தையார் கரைவலைத் தொழிலாளி. விடியுமுன்னரே கடற்கரைக்குச் சென்றுவிடுவார். தாயாரோ நோயாளி. “சேர், நீங்க கல்முனைக்குத்தானே போறீங்க, இதையும் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்க” என்று உறையை என் கையிலே தந்தாள். அவ்வாறே செய்தேன். பற்றுச்சீட்டைச் சட்டைப் பையிலிட்டேன், மறந்தேன். அன்று மாலை அச்சட்டை துவைகல்லைச் சேர்ந்தது. சீட்டும் நீரிற் கரைந்தது.

பரீட்சை நெருங்கியது. மற்றையோர்க்கு அனுமதி அட்டை வந்தது, அவளுக்கு வரவில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூசி, வரவேண்டியதாயின் வருமென்று இருந்துவிட்டாள். பரீட்சைக்கு முதல் நாள் பிற்பகலிலேதான் என்னிடம் வந்தாள். உரிய அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். மறுமுனையிலிருந்தவர் பண்போடு பேசினார். அவர் வினாவியது ஒன்றே: “பதிவுத் தபால் இலக்கம் என்ன?” அதற்கு என்னிடம் விடையில்லை. விண்ணப்பத்தின் பிரதி ஒன்றையேனும் அவள் வைத்திருக்கவில்லை. அப்பரீட்சைக்கு மறுமுறை அறிவித்தல் வெளியானபொழுது அவள் வயதெல்லையைக் கடந்திருந்தாள். அவள் என்னை ஒரு சொல்லும் நொந்துரைக்கவில்லை. அதுவே எனக்குப் பெருந் தண்டனையாயிற்று.

அறிவித்தலை இறுதிவரை வாசித்தல்

வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியிலே வெற்றிடங்களும் பரீட்சைகளும் அறிவிக்கப்படுகின்றன. நம் இளைஞர் சம்பளத்தையும் வயதெல்லையையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகின்றனர். அவர்களுக்கு வேண்டிய பாதுகாப்போ பின்வரும் பந்திகளிலேதான் உள்ளது. விண்ணப்பம் கிடைத்ததென அறிவிக்கப்படமாட்டாது. முடிவுத் திகதிக்குப் பின் வருவன நிராகரிக்கப்படும். தபாலிலே தவறியது அல்லது தாமதித்தது என்னும் முறைப்பாடு ஏற்கப்படாது. உறையின் இடப்பக்க மேல் மூலையிற் பதவியின் அல்லது பரீட்சையின் பெயரை எழுதுதல் வேண்டும். இத்தகைய நிபந்தனைகள் பெரும்பாலான அறிவித்தல்களிற் காணப்படும். பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தல்களிலே மற்றொன்றும் இருக்கும். அனுமதி அட்டைகள் அனுப்பப்பட்டுவிட்டனவென விளம்பரம் வெளியான பின்னரும் அட்டை கிடையாதவர், குறித்த சில நாட்களுள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வாறு விசாரிக்கும்பொழுது விண்ணப்பத்தின் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டு, பதிவுத் தபாற் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்திருத்தல் நன்று.

இதன் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். கிடைத்ததென்று அலுவலகம் நமக்கு எழுதாது. ஆதலின், அனுப்பினோம் என்பதற்குச் சான்று நம்மிடமே இருத்தல் வேண்டும். விரலகலமுள்ள அச்சிறு சீட்டே அந்தச் சான்று.

குறிப்பேடு

நம் கரையோரத்து மக்கள் கணக்கெழுத அறியாதவரல்லர். வயலுக்கு எவ்வளவு விதைநெல் போயிற்று, யார் யாருக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தது என்பதைப் போடியார் குறித்து வைப்பார். வாங்கிய நூலுக்கும் கொடுத்த சாரனுக்கும் மருதமுனை நெசவாளரிடம் கணக்குண்டு. திருக்குர்ஆனிலே மிக நீண்ட வசனம், ‘அல்பகறா’ அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிப்பதென்பதை நம் முஸ்லிம் சகோதரர் நன்கறிவர். முடிக்காது விட்ட வினை, அவிக்காது விட்ட நெருப்புப்போலப் பின்னர்த் தீங்கு விளைக்குமென்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘வினைசெயல்வகை’ அதிகாரத்திலே வைத்துள்ளார். நெல்லுக்கும் நூலுக்கும் கணக்கு வைக்கும் நாம், பிள்ளையின் சீவியத்துக்குரிய விண்ணப்பத்துக்குக் கணக்கு வையாதிருத்தல் பொருந்துமோ?

நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்கிப் பின்வருவனவற்றை எழுதுக:

1. பதவியின் பெயர்; அறிவித்தல் வெளியான வர்த்தமானியின் அல்லது பத்திரிகையின் திகதி.
2. விண்ணப்ப முடிவுத் திகதி.
3. அனுப்பிய நாள், தபாற் கந்தோர், பதிவு இலக்கம். இணையவழி எனில் அங்குக் கிடைத்த தொடரிலக்கம்.
4. இணைத்த பத்திரங்கள் எவை என்பது.
5. செலுத்திய கட்டணம், பற்றுச்சீட்டின் இலக்கம்.
6. விசாரிக்கவேண்டிய நாள்.
7. விசாரித்த நாள், விடையளித்தவரின் பதவி, அவர் கூறியது.
8. முடிவு.

இவற்றுள் முதல் ஐந்தும் நடந்ததைச் சொல்வன. ஆறாவது இனி நடக்கவேண்டியதைச் சொல்வது. அதனை விண்ணப்பம் அனுப்பிய அன்றே எழுதிவிடல் வேண்டும். பின்னர் எழுதுவோம் என்பார் எழுதுவதில்லை. ஏழாவதை அலுவலகத்தாரோடு பேசி முடித்தவுடன் எழுதுக. ஒரு வாரம் சென்றபின் ஞாபகம் நமக்கு ஏற்றவாறு திரிந்துவிடும். பற்றுச்சீட்டுகளை அதே பக்கத்தில் ஒட்டுக. சிலவகைச் சீட்டுகளில் மை மங்கிவிடுமாதலின், இலக்கத்தைப் பேனாவாலும் எழுதிவைக்க. கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைத்தலும் நன்று. ஆயின் தொலைபேசி தவறினால் படமும் தவறும். ஆதலின் அது கொப்பிக்குத் துணையேயன்றிக் கொப்பிக்கு ஈடன்று.

விசாரிக்கும் காலமும் முறையும்

நாடோறும் கேட்பவனும் ஒருநாளும் கேளாதவனும் ஒரே பிழையின் இரு கரைகளில் நிற்பவர்கள். அரசாங்கப் பரீட்சையாயின், அனுமதி அட்டை பற்றிய விளம்பரத்தை எதிர்பார்த்திருந்து, அதிற் குறித்த காலத்துள் விசாரித்தல் வேண்டும். தனியார் நிறுவனமாயின், முடிவுத் திகதிக்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரம் பொறுத்து ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதலாம். நேர்முகப் பரீட்சைக்குச் சென்று வந்தவர், முடிவு அறிவிப்பதாக அங்கே கூறிய நாள் கடந்த பின்னர் ஒருமுறை கேட்கலாம். இருமுறை எழுதியும் விடை வாராவிடின், கொப்பியில் ‘விடை இல்லை’ என்றெழுதிப் பக்கத்தைப் புரட்டி, அடுத்த விண்ணப்பத்திற் கருத்தைச் செலுத்துக.

கடிதம் சுருக்கமாயிருத்தல் வேண்டும். குடும்பத்தின் வறுமையையும் அலுவலகத்தின் தாமதத்தையும் அதில் எழுதற்க. இலக்கமும் திகதியுமே அக்கடிதத்தின் வலிமை. மாதிரி ஒன்று தருகின்றேன்:

“ஐயா / அம்மணி,
முகாமைத்துவ உதவியாளர் பதவிக்கான விண்ணப்பம்
மேற்குறித்த பதவிக்கான எனது விண்ணப்பத்தை, முடிவுத் திகதிக்கு முன்னர், கல்முனைத் தபாற் கந்தோரிலிருந்து பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன். அனுப்பிய திகதியும் பதிவு இலக்கமும் கீழே தரப்பட்டுள்ளன. பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எனது விண்ணப்பம் தங்களுக்குக் கிடைத்துள்ளதா என்பதையும், என்னிடமிருந்து மேலும் பத்திரங்கள் தேவைப்படுமா என்பதையும் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.
இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,”

இதன் கீழே கையொப்பம், முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் என்பன வரும். இக்கடிதத்தின் பிரதியும் கொப்பியிற் சேரவேண்டும்.

அரசாங்க நிறுவனம் விடையே தாராவிடின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குத் துணைநிற்கும். அது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையிலுள்ளது. குடிமக்கள் எவரும் உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம்; ஏன் கேட்கிறோமென்று காரணம் காட்ட வேண்டியதில்லை. கோரிக்கை கிடைத்ததற்கு அலுவலர் எழுத்திலே ஒப்புகை தருதல் வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுள் தீர்மானித்தல் வேண்டும். மறுக்கப்பட்டால், மேன்முறையீட்டுக்கென அந்நிறுவனத்திலேயே குறிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர்த் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். பரீட்சை தொடர்பாக இரகசியமாக வைக்கப்படவேண்டியவை போன்ற சிலவற்றுக்கு விலக்குண்டு. எனினும், என் விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது என்று கேட்டல் வேறு. வினாத்தாளைக் கேட்டல் வேறு அன்றோ?

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் இக்கொப்பியில் மேலும் இரண்டைச் சேர்த்தல் வேண்டும்: முகவர் நிலையத்தின் உரிம இலக்கம், கொடுத்த பணத்துக்குரிய பற்றுச்சீட்டு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே அவ்வுரிமம் செல்லுபடியாகுமா என விசாரித்த பின்னரே கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் பணம் கொடாதிருத்தல் அறிவுடைமை.

கேட்டல் இரத்தலன்று

நம்மூரிலே விசாரித்தல் என்றதும் பலர் நினைப்பது அரசியற் பெரியார் ஒருவரின் வாயிலையே. அவரிடம் ஒரு துண்டு வாங்கினாற் போதுமென்பர். தன் விண்ணப்பத்தின் பதிவு இலக்கத்தை அறியாதவரும் அவர் வீட்டு வாயிலிலே விடியற்காலை முதற் காத்திருப்பர். இவ்வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. பிரித்தானியாவிலும் ஒருகாலத்திற் செல்வாக்குடையோரின் பரிந்துரையாலேயே அரசாங்க உத்தியோகம் கிடைத்துவந்தது. 1854ஆம் ஆண்டின் நோத்கோட்–திரெவெல்யன் அறிக்கை, அதனை நீக்கித் திறந்த போட்டிப் பரீட்சையைப் புகுத்துமாறு கூறிற்று. பரிந்துரை இல்லாதவனுக்கும் திறந்த வாயிலாகவே போட்டிப் பரீட்சை எழுந்தது.

அவ்வாயிலாற் சென்ற ஒருவரைக் கல்முனை மறவாது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் கற்ற ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1935ஆம் ஆண்டிலே இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அச்சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவரே. 1942ஆம் ஆண்டு, யுத்தகாலத்திலே, கல்முனையில் அவசரகாலக் கச்சேரி நிறுவப்பட்டபொழுது உதவி அரசாங்க அதிபராக இங்கு வந்தார். அம்பாறை மாவட்டம் 1961இலேதான் தோன்றியதாகலின், அக்காலத்தில் இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1945ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் தோற்றுவித்து, பொருளில்லா மாணவர் கற்க வழிசெய்தார். இந்துக் கல்லூரியொன்றிலே பயின்ற முஸ்லிம் மாணவர் போட்டிப் பரீட்சையால் உயர்ந்து, இக்கரையோரத்துக்கு வந்து பணிசெய்தார் என்பதை இவ்வாண்டு மலரிலே நினைவுகூர்தல் தகும்.

பதிவு இலக்கத்தோடு கேட்பவன் எவரிடமும் தயவை வேண்டவில்லை. தனக்குரிய விடையையே வேண்டுகின்றான். துண்டை நம்பியவன் அதனைத் தந்தவருக்கு என்றும் கடன்பட்டவனாகின்றான்.

பத்திரங்களைப் பேணல்

இறுதியாக ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபொழுது மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் உயிர்களும் வீடுகளும் போயின. வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களும் பரீட்சைச் சான்றிதழ்களும் போயின. உயிர் தப்பியோர் தாம் யார் என்பதையும் யாது கற்றோம் என்பதையும் நிறுவுவதற்கே மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியவராயினர். ஆதலின் உறுதிப்படுத்திய பிரதிகளில் ஒரு தொகுதியைக் கடற்கரைக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டில் வைத்தல் நலம். மூலச் சான்றிதழைக் கேட்டாலன்றி எவருக்கும் அனுப்பற்க.

அம்மாணவி இன்று தனியார் நிறுவனமொன்றிலே கணக்குப் பதிவு செய்கின்றாள். தன் தம்பியின் விண்ணப்பங்களுக்கு அவளே கொப்பி எழுதுகின்றாள் என்றறிந்தேன். யானும் உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் விண்ணப்பக் கடிதம் கற்பித்து முடிந்ததும் மாணவரைக் கலையவிடுவதில்லை. “கொப்பியை எடுங்கள், ஆறாவது வரியை எழுதுங்கள்” என்று கூறிய பின்னரே பாடத்தை முடிக்கின்றேன். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்கள் தத்தம் இல்லத்து இளையோர்க்கு இதனை ஒருமுறை கூறுவாராயின், என் கடனில் ஒரு பகுதி தீர்ந்ததாகக் கொள்வேன்.