ஓய்வூதியத் தம்பதிகளும் டெபாசிட் வட்டியும்

டெபாசிட் வட்டிக்கு எவ்வளவு வரி என்று ஓய்வுபெற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். காலை நடைப்பயிற்சியில் காதில் விழுந்தது, வங்கி வரிசையில் யாரோ சொன்னது என்று சேர்ந்த கணக்குகள் அவை. அவற்றால் அதிகம் இழப்பது சின்ன ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள்தான். கீழே உள்ளவை 2025-26 நிதியாண்டின் விதிகள்.

“வங்கியே வரியைப் பிடித்துவிட்டது, இனி நமக்கு வேலை இல்லை.”

பணத்தை அதிகம் விழுங்குவது இந்த நம்பிக்கைதான். டி.டி.எஸ். என்று வங்கி பிடிப்பது வரிக்கான முன்பணம். அறுபது வயது நிறைந்தவருக்கு ஒரே வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், முழு வட்டியிலும் 10 சதவீதத்தைப் பிடித்துவிடுவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். உங்களுக்கு உண்மையில் வரி உண்டா என்பது வங்கிக்குத் தெரியாது.

மாதம் 32,000 ரூபாய் ஓய்வூதியம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,84,000. பணிக்கொடையும் சேமிப்புமாக 25 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறார், வட்டி 1,75,000. இரண்டும் சேர்ந்து 5,59,000. ஓய்வூதியத்துக்கான நிலைக் கழிவு 75,000 போக மீதி 4,84,000. புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. எஞ்சிய 84,000-க்கு 5 சதவீதம், அதாவது 4,200 ரூபாய். வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் அதுவும் 87ஏ பிரிவின்படி தள்ளுபடி. ஆக, அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் வங்கி 17,500 ரூபாயைப் பிடித்திருக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. அவருடைய அரை மாத ஓய்வூதியத்தைவிட அது அதிகம்.

பிடித்தமே வேண்டாமென்றால், நிதியாண்டின் தொடக்கத்தில் 15எச் படிவம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும், டெபாசிட் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாக. போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது.

“12 லட்சம் வரை வரி இல்லை, அதனால் ரிட்டர்னும் வேண்டாம்.”

வரி இல்லை என்பது வேறு, தாக்கல் வேண்டாம் என்பது வேறு. புதிய முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் கடமை வந்துவிடுகிறது. மேலே சொன்னவர் 4,84,000-இல் இருக்கிறார்; ஒரு ரூபாய் வரி இல்லாவிட்டாலும் அவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும். இன்னொன்று, அந்த 12 லட்சம் தம்பதிக்குச் சேர்த்து அல்ல, ஆளுக்குத் தனித்தனி. இந்திய வருமான வரியில் கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்யும் முறையே கிடையாது.

“மனைவி பெயரில் போட்டால் வரி வராது.”

இது தலைமுறை தலைமுறையாக நிலைத்த நம்பிக்கை. கணவர் தன் பணத்தில் 10 லட்சத்தை மனைவி பெயரில் டெபாசிட் செய்தால், அதன் வட்டி சட்டப்படி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். வருமான வரிச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே விதிதான். அந்த வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்து அதில் வரும் வட்டி மட்டும் அவருடையது. அவருடைய சொந்தச் சம்பளம், ஓய்வூதியம், பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்து ஆகியவற்றின் வருமானம் முழுக்க அவருக்கே.

15எச் படிவம், அறுபது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான 15ஜி படிவம் ஆகியவற்றின் உறுதிமொழியைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. ‘இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறொருவர் வருமானத்தில் சேராது’ என்பதற்கும் சேர்த்தே அதில் கையெழுத்து வாங்குகிறார்கள். கணவர் கொடுத்த பணத்தின் வட்டிக்காக மனைவி அதில் கையெழுத்திட்டால், அறியாமலேயே தவறான உறுதிமொழி கொடுக்கிறார்.

ஆனாலும் மனைவி பெயரில் பணம் இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். இருவர் வருமானத்தையும் சேர்த்தாலும் 12 லட்சத்தைத் தொடாத வீட்டில் வரிக்காக இதைச் செய்யத் தேவையே இல்லை. வயதான காலத்தில் அவர் கைக்கென்று பணம் வேண்டும். அந்த ஒரு காரணம் போதும்.

இணைக் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. முதல் பெயர்க்காரரின் பான் எண்ணில்தான் பிடித்தம் ஏறும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருவர் பெயர் இருந்தாலும் முழுத் தொகையும் முதல் பெயருக்கே உரியது. அரசுத் திட்டம் என்பதால் அதன் வட்டிக்கு வரி இல்லை என்பதும் தவறு. 30 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 61,500 ரூபாயும் வரிக்கு உட்பட்ட வருமானமே.

“நாலு வங்கியில் பிரித்துப் போட்டால் தெரியாது.” தெரியும். பிடித்தம் தவிர்க்கப்படலாம், ஆனால் வட்டி விவரம் பான் எண் வழியே வருமான வரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வந்துவிடும்.

“75 வயதானால் வரியே கிடையாது” என்பதும் பாதிதான் உண்மை. ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வந்து, வேறு வருமானம் இல்லாமல், வங்கியிடம் உறுதிமொழியும் கொடுத்திருந்தால் தாக்கலிலிருந்து விலக்கு உண்டு. வரி இருந்தால் வங்கியே கணக்கிட்டுப் பிடித்துவிடும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் படிவம் 26ஏஎஸ்-ஐ வருமான வரித் தளத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் பிடித்தம் இருந்து, அவர்களுக்கு வரியே இல்லை என்றால், தாக்கல் செய்து ரீஃபண்டை வாங்கிக் கொடுங்கள். வழக்கமான கடைசி நாள் ஜூலை 31.