யார் தேர்ந்த உடை?

ஒருவரின் உடையும் பெயரும் அவருடைய தனித்தன்மையைக் காட்டுகின்றனவா என்று அறிய, அவற்றைத் தேர்ந்தது யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். விருதுநகர் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி நன்கு பழகியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகத்தால் முன்னேறிய நாடார்களை மற்றவர்கள் ‘சாணார்’ என்றே அழைத்தனர். அரசுப் பதிவேடுகளும் அப்படியே எழுதின. அதே சமூகப் பெண்கள் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் போராடினர். 1859-இல் அனுமதி கிடைத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. இராமநாதபுரச் சீமையில் பூணூல் தரித்தும் உடையை மாற்றியும் உயர்வு தேடிய முயற்சிகள் நடந்தன. கோயில் நுழைவுப் பூசல் முற்றி, 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921-இல் ‘நாடார்’ என்ற பெயரை அரசு ஏற்றது. மேல்சாதியாரிடமிருந்து எடுத்துக்கொண்ட அடையாளங்கள் நாளடைவில் மங்கின. தாமே கேட்டு வாங்கிய பெயர் நிலைத்தது.

அடுத்த அடி இன்னும் துணிவானது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. அதற்குத் தலைமை தாங்கியவர் நாடார் சங்கத்தின் முன்னணித் தலைவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். போராடிப் பெற்ற பட்டத்தையே கைவிடலாம் என்று அந்தத் தலைமுறை எண்ணியது பெரிய மனம். சென்னையில் துணி எடுக்கப் பாண்டி பஜாருக்குப் போகும் பலருக்கும் அந்தக் கடைத்தெரு அவர் பெயரைத் தாங்கியது என்பது தெரியாது.

விருதுநகரில் பிறந்த காமராசரின் கதர் வேட்டியும் தொளதொளத்த வெள்ளைச் சட்டையும் அவருடைய கட்சித் தொண்டர்கள் பலரும் அணிந்த உடைதான். முதலமைச்சரான பிறகும், 1966-இல் சோவியத் ஒன்றியத்துக்குப் போனபோதும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. பலருக்கும் பொதுவான உடை, மாறாமல் அணிந்ததால் அவருடைய அடையாளமாயிற்று.

இதே வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் உடையைத் தீர்மானிப்பது வெடிமருந்து. நைலான், பாலியஸ்டர் துணிகள் உரசும்போது நிலைமின்சாரம் சேரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியே மருந்துக் கலவைக்குப் போதும். அதனால்தான் பருத்தி உடை கட்டாயம். மருந்து அறைக்குள் நுழையுமுன் நிலத்தோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும். ஆணி அடித்த செருப்பு ஆகாது. பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். முந்தானை அதற்குள் அடங்கும், அலுமினியத் தூளும் சேலையில் படியாது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோல் தெரியும் இந்தக் கோலத்தைத் தனித்தன்மை அற்றதென்று நினைப்பது தவறு. உயிர் காக்கும் உடையைத் தெரிந்து உடுத்துவதும் தேர்வுதான்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கத் தவறுவது உள்ளாடை. மேலே பருத்திச் சேலையும் உள்ளே பளபளக்கும் செயற்கை இழைப் பாவாடையும் இருந்தால் பயனில்லை. கடையில் ‘காட்டன்’ என்று ஒட்டியிருப்பதை நம்பவும் கூடாது. கலப்புத் துணிக்கும் அந்தப் பெயர் வைத்து விற்கிறார்கள். மருந்தும் பட்டாசும் இல்லாத இடத்தில், வீட்டு அடுப்படியில், ஓரத்து இழை ஒன்றைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலோடு கெட்டித் துணுக்கும் மிஞ்சும்.

சிவகாசி அச்சகங்களில் லேபிள் அச்சாகும், அதை ஒட்டும் சரக்கு வேறிடத்தில் உருவாகும். துணிக்கும் அப்படித்தான். பெயர்பெற்ற நிறுவனத்தின் சட்டையானாலும் தளவாய்புரத்தில் தைத்த நைட்டியானாலும் முதலில் இழை, பிறகு தையல், அதன் பிறகே முத்திரை என்ற வரிசையில் பார்ப்பது நல்லது.

முதலில் இழையைப் பார்ப்பது தீபாவளித் துணிக்கு மிகவும் பொருந்தும். குழந்தைகளின் பட்டுப்பாவாடை, சரிகை கவுன் பலவும் செயற்கை இழையே. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆசையாக எடுத்த புத்தாடையைக் காலையில் உடுத்திக் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகலாம். வெடி கொளுத்தும் நேரத்துக்கு உடலை ஒட்டிய பருத்தி உடை வேண்டும். துப்பட்டா இருந்தால் இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும்.