தட்டிலிருந்து தொடங்காத கணினி: குறையறியும் முறை

பள்ளிகளிலும் களப்பணி அலுவலகங்களிலும் பழைய கணினிகள் பல இன்றும் பயன்பட்டு வருகின்றன. விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றமையால், இவற்றுட் சிலவற்றில் வேறோர் இயக்க முறைமையை நிறுவ வேண்டிய தேவை எழுந்துள்ளது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும், நிறுவல் தட்டை இட்டு மின்விசையைத் திறந்தவுடன், கணினி அதனைப் பொருட்படுத்தாது பழைய முறைமையையே தொடங்குவதும், கருந்திரையில் ஒரு வரிச் செய்தியுடன் நின்றுவிடுவதும் உண்டு. அதுகண்டு கணினி பழுதுற்றதென முடிவு கட்டுதல் தகாது. பெரும்பாலும் குறை சிறியதே. முறையாகத் தேடின் கிடைத்துவிடும்.

கணினி தொடங்கும் விதம்

மின்சாரம் பாய்ந்தவுடன், கணினியின் செயலி தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் பதிந்திருக்கும் நிரலை இயக்குகின்றது. இந்நிரல் பழைய கணினிகளில் பயாஸ் எனவும், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. எனவும் வழங்கும். இது முதலில் நினைவகம் முதலிய உறுப்புக்களைச் சோதிக்கின்றது. பின்னர், குறித்து வைக்கப்பட்ட வரிசைப்படி ஒவ்வொரு சாதனத்திலும் தொடக்க நிரலைத் தேடுகின்றது. வன்தட்டு முதலிடத்திலிருந்து, அதில் முறைமையும் இருக்குமாயின், தேடல் அங்கேயே முடிந்துவிடும். டிவிடி டிரைவிலுள்ள தட்டின் முறை வருவதேயில்லை.

தட்டிலிருந்து தொடங்குவதற்கு அடிப்படையாக அமைந்தது, ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1995-இல் வெளியிட்ட எல் டொரிட்டோ என்னும் விதிமுறையாகும். தட்டின் தரவு 2,048 பைட் கொண்ட சிறு பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. சுழியிலிருந்து எண்ணுங்கால் 17-ஆவதாக வரும் பகுதியில், தொடக்க நிரலுக்கு வழிகாட்டும் குறிப்பு இருத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத தட்டு, எத்தனை கோப்புக்களைக் கொண்டிருப்பினும், கணினியைத் தொடங்க வல்லதன்று.

முதற்கடமை

நிறுவலின்போது வன்தட்டிலுள்ளவை அனைத்தும் அழிந்து போகக்கூடும். மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, பல்லாண்டுக் கள அளவீடுகள் ஆகியவை ஒருமுறை அழிந்தால் மீட்பது அரிது. ஆதலின், எதனையும் மாற்றுமுன் அவற்றைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். பழைய முறைமை இயங்காதாயின், நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வசதியுள்ள லினக்ஸ் தட்டைக் கொண்டு கோப்புக்களைப் படியெடுக்கலாம்.

குறை எப்பக்கத்தது?

அடுத்து, இரு சோதனைகள் செய்தல் வேண்டும். முதலாவது, அதே தட்டை வேறொரு கணினியில் இட்டுத் தொடங்கிப் பார்த்தல். அங்கும் தொடங்காவிடின் தட்டின்மீதே ஐயங்கொள்ளலாம். இரண்டாவது, தொடங்கும் என அறியப்பட்ட வேறொரு தட்டை இக்கணினியில் இடுதல். அதுவும் தொடங்காவிடின் குறை கணினியின் பக்கத்தது. இவ்விரு சோதனைகளால் தேடவேண்டிய எல்லை பாதியாகக் குறைகின்றது.

தட்டின் குறைகள்

1. பெரிதும் நேரும் பிழை, ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சாதாரணக் கோப்பாகவே தட்டில் எழுதிவிடுதல். தட்டைத் திறந்து பார்க்கையில் அவ்வொரு கோப்பு மட்டும் தோன்றின், பிழை இதுவே. படிமமாக எழுதும் கட்டளையைக் கொண்டு மீண்டும் எழுதுதல் வேண்டும்.

2. கோப்பு முழுமையாக இறங்காதிருக்கலாம். வெளியிட்டோர் தரும் 64 இலக்க ஷா-256 குறியீட்டுடன், இறக்கிய கோப்பின் குறியீட்டை ஒப்பிடுக. ஓர் இலக்கம் மாறினும் அக்கோப்பு பயன்படாது.

3. குறுந்தட்டு சுமார் 700 மெகாபைட்டும், ஓரடுக்கு டிவிடி 4.7 கிகாபைட்டும் கொள்ளும். முன்னதை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியாலும், பின்னதை 650 நானோமீட்டர் ஒளியாலும் படிக்கின்றனர். எனவே, குறுந்தட்டு டிரைவ் மட்டுமுள்ள கணினி டிவிடியைப் படிக்காது.

4. தட்டில் தூசி படிந்திருப்பின், மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது.

கணினியின் குறைகள்

மின்விசையைத் திறந்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால், பல கணினிகளில் அமைப்புத் திரை தோன்றும். அங்கே டிவிடி டிரைவை முதலிடத்திற்கு மாற்றுக. எஃப்12 அல்லது எஸ்கேப் விசை, அந்த ஒருமுறைக்கு மட்டும் சாதனத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். இவ்விசைகள் கணினிக்குக் கணினி வேறுபடும். விண்டோஸ் தட்டு, ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்டுச் சில வினாடிகளே காத்திருக்கும். அழுத்தாவிடின் வன்தட்டிற்குச் சென்றுவிடும்.

மாற்றிய அமைப்பு மறுநாள் மறைந்து, கடிகாரமும் பழைய தேதியைக் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள பாட்டரி தீர்ந்தது எனக் கொள்ளலாம். பல மேசைக் கணினிகளில் இது சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் வில்லையாகும். டிவிடி டிரைவின் பெயரே அமைப்புத் திரையில் காணப்படாவிடின், மின்னிணைப்பை அறவே நீக்கியபின் கம்பிவடங்களைச் சரிபார்த்தல் வேண்டும்.

புதிய கணினிகளில், செக்யூர் பூட் என்னும் காப்பு, ஏற்கப்பட்ட கையொப்பமில்லாத தொடக்க நிரலைத் தடுத்துவிடும். அதனை நிறுத்துமுன், பிட்லாக்கர் மறையாக்கம் இயங்குகின்றதா எனப் பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. இல்லையேல் கோப்புக்களைத் திறக்க இயலாமற் போகலாம்.

மாற்று வழி

டிரைவே பழுதுற்றிருப்பின், அதே படிமத்தை உரிய நிரலைக் கொண்டு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து தொடங்கலாம். மிகப் பழைய கணினிகள் சில இவ்வழியை ஏற்பதில்லை. அவற்றிற்கு வேறொரு டிரைவைப் பொருத்துதலே தக்கது.

எவ்வழியை மேற்கொள்ளினும், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவை ஏட்டில் குறித்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், கணினி தொடங்கினும் காரணம் விளங்காது. அடுத்த கணினியில் அதே குறை நேரும்போது மீண்டும் முதலிலிருந்தே தேட நேரும். ஆசிரியர்கள் இச்சோதனைகளை மாணவர் கண்முன் செய்து காட்டுவாராயின், ஒரு கணினி சீர்படுவதோடு, காரணத்தைத் தேடும் அறிவியல் முறையும் அவர்கள் மனத்திற் பதியும்.