இன்சுலின் ஊசியும் வயிற்றில் வளரும் கட்டியும்



நமது ஆலயத்தில் அன்னதானப் பந்தி தொடங்குவதற்குச் சற்று முன்பாக, பெரியவர்கள் சிலர் ஓரமாக ஒதுங்கிச் சென்று இன்சுலின் போட்டுக்கொண்டு வந்து இலையில் அமர்வதைப் பலரும் பார்த்திருக்கலாம். அடியேனும் அவர்களில் ஒருவன். 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஆகவே இக்கட்டுரை யாரோ சிலருக்காக எழுதப்படுவதன்று.

உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். ஊசியை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நான் ஏழு ஆண்டுகள் தொப்புளுக்கு வலப்புறம் ஒரே இடத்தில்தான் போட்டு வந்தேன். காரணம் வேறொன்றுமில்லை, அங்கே வலிக்கவில்லை. வலிக்காத இடம்தான் நல்ல இடம் என்று எண்ணிக்கொண்டேன். சர்க்கரையோ ஏறிக்கொண்டே போயிற்று. நாளொன்றுக்கு 30 யூனிட்டாக இருந்த மருந்து படிப்படியாக 46 ஆயிற்று. ஒளித்து வைத்து இனிப்புச் சாப்பிடுகிறேன் என்று வீட்டில் சந்தேகம். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளிடம் விசாரணை நடத்திய என்னையே விசாரித்தார்கள்!

ஒரு நாள் மருந்தகத்தில் புதிதாக வந்திருந்த தாதி ஒருவர், “சார், சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க” என்று சொல்லி, ஊசி போடும் இடத்தை விரல்களால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் ரப்பர்ப் பந்தைப் போல ஒரு திரட்சி! வெறும் கண்ணுக்குச் சாதாரணத் தொப்பையாகவே தெரிந்தது.

மருத்துவர்கள் இதை லிப்போஹைப்பர்ட்ரோபி என்கிறார்கள். கொழுப்பணுக்களைப் பெருக்கச் செய்வது இன்சுலினின் இயல்பு. அதை ஒரே இடத்தில் நாள்தோறும் செலுத்தினால் அவ்விடத்துக் கொழுப்பு தடித்துவிடுகிறது. அங்கே உணர்ச்சி குறைவதால் ஊசி வலிப்பதில்லை. நம்மை ஏமாற்றுவதும் அதுவே. கட்டிக்குள் போன மருந்து ஒரு நாள் தாமதமாக இரத்தத்தில் சேரும், மற்றொரு நாள் எதிர்பாராமல் வேகமாகச் சேரும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. என் தகப்பனார் குளுவாங் பக்கம் பால்மரம் வெட்டியவர். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால், அங்கே புதுப்பட்டை சமமாக வளராது. முண்டும் முடிச்சுமாகத் திரண்டுவிடும். பிறகு அவ்விடத்தில் கத்தி சீராக ஓடாது. பட்டைக்கு ஓய்வு கொடுத்து மறுபக்கம் வெட்டுவதை நாம் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறோம். நம் வயிற்றுக்கு மட்டும் அந்த ஓய்வைக் கொடுக்கத் தவறிவிட்டோம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஸ்பெயின் நாட்டில் இன்சுலின் போடும் 430 பேரைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இக்கட்டி இருந்தது. இடத்தை முறையாக மாற்றியவர்களில் நூற்றுக்கு ஐவருக்கு மட்டுமே இருந்தது. கட்டி உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 56 யூனிட்டும், இல்லாதவர்கள் 41 யூனிட்டும் போட்டு வந்தார்கள். அந்தப் பதினைந்து யூனிட்டை எண்ணிப் பாருங்கள்.

இனி நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டியைக் கண்ட அன்றே இடப்புறம் நல்ல தோலில் அதே அளவு மருந்தைப் போட்டுக்கொண்டேன். “டாக்டரைக் கேட்டு அளவைக் குறைச்சுக்கிட்டுத்தான் இடத்தை மாத்தணும் சார்” என்று அந்தத் தாதி சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நள்ளிரவில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சோதித்தபோது சர்க்கரை 3.1. நான்குக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. மனைவி மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டி, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்த்தார். நல்ல தோலில் மருந்து முழுமையாக வேலை செய்யும். கட்டிக்காகக் கூட்டப்பட்ட அளவு அப்போது அளவுக்கு மீறியதாகிவிடுகிறது. ஆகையால் இதைப் படித்துவிட்டு இன்றே இடத்தை மாற்றிவிடாதீர்கள். முதலில் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லி, அளவைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

தடவிப் பார்க்க ஏற்ற நேரம் குளிக்கும்போது, சோப்பு நுரையுடன். இடம் மாற்ற எளிய வழி, தொப்புளை மையமாக வைத்து வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்வது. ஒரு வாரத்திற்கு ஒரு கட்டம். அதற்குள்ளும் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். தொப்புளை ஒட்டிப் போடக்கூடாது. தொடையிலும் போடலாம், ஆனால் வயிற்றைவிட அங்கே மருந்து மெதுவாகச் சேரும்.

நீளமான ஊசிதான் நன்றாக வேலை செய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள். தோலின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். 4 மில்லிமீட்டர் ஊசியே பெரும்பாலோர்க்குப் போதும். நீண்ட ஊசி தசைக்குள் இறங்கினால் சர்க்கரை திடீரென்று தாழக்கூடும். பேனாவில் இரண்டு யூனிட்டை வெளியே விட்டு, முனையில் துளி வருகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும். மருந்தைச் செலுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக்கூடாது. சிக்கனம் கருதி ஓர் ஊசியை வாரக்கணக்கில் பயன்படுத்துவோர் நம்மில் உண்டு. முனை மழுங்கிய ஊசி தோலைக் கிழிக்கும். கட்டி வளரவும் அது ஒரு காரணம். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் வீசாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையும் கைதானே.

திருவிழாக் காலத்தில் இன்சுலினைக் காருக்குள் விட்டுவிட்டு வருவோர்க்கும் ஒரு சொல். திறந்த பேனாவை 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில், பொதுவாக நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம். நம் ஊர் வெயிலில் நிற்கும் கார் அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். கெட்டுப்போன மருந்து பார்ப்பதற்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கவும் கூடும்.

மருத்துவர் அளவைக் குறைத்து எழுதித் தந்த பிறகு, இப்போது எனக்கு 34 யூனிட் போதுமானதாக இருக்கிறது. பழைய கட்டியில் ஊசி பட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. நன்றாகச் சுருங்கியிருந்தாலும், காலையில் குளிக்கும்போது இன்னும் விரலில் தட்டுப்படுகிறது.